நிதலி தின்னாத உப்பு

பெரிய குளத்தைக் கட்டியது யார் என்று கேட்டால் ராஜாவின் பெயரைச் சொல்வார்கள். பாட்டிலும் அவர்தான், ஏட்டிலும் அவர்தான், கல்லிலும் அவர்தான். அந்த ராஜா ஒரு கூடை மண் சுமந்திருப்பாரா? தலையில் சும்மாடு வைக்கவாவது தெரிந்திருக்குமா அவருக்கு? சுமந்தவன் பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஆகையால் முதல் வேலையாக அந்தப் பெயரைச் சொல்லிவிடுவோம். அவன் பெயர் அக்போ. மீகஹவெவ ஊர்க்காரன். ஆனால் இது அவன் கதை அல்ல, அவன் பெண்சாதி நிதலியின் கதை.

நிதலி வாய்க்காரி. கல்யாணம் முடித்து இந்த ஊருக்கு வந்த அன்றே, மாப்பிள்ளை வீட்டார் வைத்த பலாக்காய்க் கறியைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இதை ஆர் சமைச்சது? உப்பை எண்ணிப் போட்டவையோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவள். மாமிக்காரி முகம் கறுத்துப் போனாள். அக்போ மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அவன் அதிகம் பேசாதவன். பேசினால் தன் சோடி எருமைகளோடு பேசுவான். அவளுக்கு அவன்மேல் கோபம் வராத நாள் இல்லை. அவன் இல்லாமல் இருக்க முடிந்த நாளும் இல்லை.

அவர்கள் வீடு ஊரின் வடக்கு எல்லையில், எல்லைக்கல்லை ஒட்டி உள்பக்கமாக இருந்தது. அந்த ஊருக்கு நாலு திசையிலும் நாலு கல். பழைய ராஜா ஒருவர் நாட்டியது. விகாரை விளக்குகளுக்கு இலுப்பெண்ணெய் கொடுக்கும் ஊர் என்பதால், அரண்மனை ஆள் எவனும் இந்தக் கல்லைத் தாண்டி உள்ளே வரக்கூடாது, உள்ளே இருப்பவன் கொலையே செய்திருந்தாலும் அவனைப் பிடிக்கக்கூடாது என்று எழுத்து. கல்லின் தலையில் சூரியனும் சந்திரனும். அடியில் ஒரு காகமும் ஒரு நாயும். இந்தக் கட்டளையை மீறுகிறவனும், கல்லை அசைக்கக் கை வைக்கிறவனும் அடுத்த பிறவியில் அப்படித்தான் பிறப்பான். எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கும் அந்த நாயைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். நிதலி ஒருமுறை ஈரப் பாயை அந்தக் கல்லில் காயப் போட்டதற்கு மாமி போட்ட கூச்சலில் குளத்துக் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

உள்ளே எல்லாம் இருந்தது. நெல் இருந்தது, காடு வெட்டி எரித்த சேனையில் குரக்கன் என்ற கேழ்வரகு இருந்தது, குளத்தில் மீன் இருந்தது. உப்பு மட்டும் இல்லை. உப்புக்கு வடக்குப் பாதையால் கடற்கரைக்குப் போகவேண்டும். ராஜாவின் ஆட்கள் இது தெரிந்துதான் அந்தப் பாதையில் காத்திருப்பார்கள். பெரிய குளத்துக்கு அணை கட்ட ஆள் வேண்டும். உள்ளே வந்து பிடிக்க முடியாதவனை வெளியே வரவைத்துப் பிடிக்க உப்பு போதும். அக்போவும் அப்படித்தான் போனான். உப்புக்குப் போனவன் வரவில்லை. ராஜாவுக்குக் கூலியில்லாமல் செய்யும் ஊழியத்துக்கு இத்தனை நாள் என்று ஒரு முறை உண்டு. அந்த முறையெல்லாம் ராஜாவுக்கு அவசரம் இல்லாத காலத்தில்தான்.

ஒரு மாரியும் ஒரு கோடையும் கழிந்து, ஒரு மத்தியான வேளையில் அவன் வந்தான். வெடித்த காலும் புண்பட்ட உச்சந்தலையுமாக, கல்லைத் தாண்டி உள்ளே வந்து விழுந்தான்.

நிதலி உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவனைத் தூக்கி நிறுத்திப் பார்த்தாள். பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி: "உப்பு எங்கை?"

அக்போ சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். அவளும் அவன் முதுகில் இரண்டு அடி போட்டுவிட்டு அழுதாள்.

அவன் தப்பி வந்த காரணத்தைப் பல நாள் கழித்துத்தான் சொன்னான். "அணை சரிஞ்சுபோச்சு, நிதலி. என்னோடை மண் சுமந்த ஆக்கள் அதுக்குள்ளை போயிட்டினம். தோண்டி எடுப்பம் எண்டு நிண்டம். தோண்டவேண்டாம், மேலையே மண்ணைக் கொட்டுங்கோ, மழைக்கு முதல் முடிக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டாங்கள்." சற்று நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நானும் கொட்டினன்."

அவனைத் தேடி ஊழிய அதிகாரி வேல்காரர்களோடு வந்து, எல்லைக்கு வெளியே விளாமரத்தடியில் பந்தல் போட்டு உட்கார்ந்தான். கல்லைத் தாண்டவில்லை. ராஜா பெயரைச் சொல்லி எதையும் செய்யத் துணிந்தவன், அந்தக் கல் நாய்க்குப் பயந்தான். ஆனால் பாதையை மறித்துவிட்டான். உப்பு உள்ளே போகாது என்றான்.

முதலில் ஊருக்கு ஒரே வீறாப்பு. "எங்கடை கல்லு நிக்குது, அவன் என்ன செய்வான்?" என்று ஆண்கள் விளாமரப் பக்கம் பார்த்துச் சத்தமாகத் துப்பினார்கள். பானையில் உப்புத் தீரத்தீர வீறாப்பும் தீர்ந்தது. களி இறங்கவில்லை. பிடித்த மீனைக் கருவாடு போட வழியில்லாமல் மீன் நாறியது. குளத்துப் படித்துறையில் நிதலி இறங்கினால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் என்ன சும்மா இருப்பவளா? "என்னடி, நாக்கிலையும் உப்பில்லாமல் போச்சோ?" என்று கேட்டாள்.

ஊர்த்தலைவன் தாபுலு, அக்போவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நல்ல மனிதன் என்று பெயர் எடுத்தவன். அவனை அதிகாரி விளாமரத்தடிக்குக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: "உன்ரை மோன் மிகிந்துவும் வளர்ந்து ஒருநாள் உப்புக்கு வெளியிலை வருவான்தானே? அவன்ரை முகம் எனக்கு ஞாபகம் இருக்கும்." மகன் என்றதும் தாபுலுவின் நல்ல குணம் எங்கே போனதோ தெரியாது.

அடுத்த நாள் காலையில் அவனே நிதலி வீட்டு வாசலுக்கு வந்தான். "தங்கச்சி, உங்கடை எருமைச் சோடியை இண்டைக்கு ஒருக்காத் தாவன். வயல் உழவேணும்."

ஊரே முகம் திருப்பியிருந்த நேரத்தில் தலைவனே வாசல் மிதித்து வந்ததில் அவளுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. "கொண்டு போங்கோ அண்ணை. இதையெல்லாம் கேக்கவேணுமே?" என்றாள். எருமைகளுக்குத் தவிடு வேறு காட்டி அவிழ்த்துக் கொடுத்தாள். கால் புண்ணோடு உள்ளே படுத்திருந்த அக்போ, "கறுத்ததை வலப்பக்கம் கட்டச் சொல்லு" என்று குரல் கொடுத்தான்.

அவள் தாமரைக் கிழங்கு தோண்டக் குளத்துக்குப் போனாள். தாபுலுவின் மனைவி சுமியும் அன்று வந்திருந்தாள். அன்று அவளுக்கு என்றும் இல்லாத பேச்சு. "கொஞ்சம் இரன், அந்தப் பக்கம் நல்ல கிழங்கு கிடக்கு" என்று கையைப் பிடித்துப் பிடித்து நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாள் என்பது, நிதலி குளக்கரைக் குறுக்குவழியால் வந்து வீட்டு வாசலில் நின்ற பிறகுதான் விளங்கியது.

அதிகாரியும் வேல்காரர்களும் அவள் முற்றத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

கிழங்குக் கூடையைப் போட்டாள். உலக்கையை எடுத்தாள். "நில்லுங்கோடா! கல்லைத் தாண்டினா நாயாய்ப் பிறப்பியள்!"

அதிகாரி நின்றான். அவனுக்கு அவசரமே இல்லை. "எந்தக் கல்லை, அம்மா? திரும்பிப் பார்."

அவள் திரும்பினாள். கல் அவள் வீட்டுக்குப் பின்னால் நின்றது. காலையில் முற்றத்துக்கு முன்னால் இருந்த கல், இப்போது வீட்டைத் தாண்டி, பாலை மரத்தடியில், அடியில் ஈரமண்ணோடு நின்றது. வீடு ஊருக்கு வெளியே வந்துவிட்டது. பாலைக் கிளைமேல் கயிறு போட்டுக் கல்லைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். கயிற்றின் மறுமுனை அவளுடைய எருமைகளின் கழுத்தில் இருந்தது. இரண்டும் அசைபோட்டுக்கொண்டு நின்றன. கல்லுக்கு அந்தப் பக்கம் ஊர் முழுக்க நின்றது.

"ஆர் இதை அசைச்சது? ஆர்?"

"ஒருத்தரும் கை வைக்கேல்லை, தங்கச்சி" என்றான் தாபுலு, நிலத்தைப் பார்த்தபடி.

"நாங்கள் மண்ணைத்தான் வெட்டினனாங்கள்" என்றது ஒரு குரல்.

"எருமைதான் இழுத்தது. பாவம் எருமைக்குத்தான்" என்றது இன்னொன்று.

எப்படிப்பட்ட புத்தி பாருங்கள்! கல்லைத் தொட்ட கைக்குத்தானே சாபம்? ஆகையால் கை படாமல் மண்ணைப் பறித்து, கை படாமல் கயிற்றைச் சுருக்குப் போட்டு, கை படாமல் நகர்த்தி, அடுத்த பிறவியையும் காப்பாற்றிக்கொண்டு இந்தப் பிறவியின் உப்பையும் வாங்கிக்கொண்டார்கள். அதற்கும் தங்கள் எருமையை அவிழ்க்கவில்லை. பாவம் யார் வீட்டு எருமைக்குப் போகவேண்டும் என்பதையும் யோசித்துத்தான் செய்திருந்தார்கள்.

வேல்காரர்கள் அக்போவைக் கட்டி வெளியே இழுத்து வந்தார்கள். நிதலி உலக்கையால் எருமையை அடிக்கப் பாய்ந்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு வேறு யாரை அடிப்பது என்று தெரியவில்லை.

"அதை அடிக்காதை, நிதலி" என்றான் அக்போ. "அதுக்குத் தெரியாதுதானே."

அவனிடமிருந்து அவள் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

பொழுது சாயுமுன் உப்பு மூட்டைகள் வந்தன. ஊரில் வீட்டுக்கு வீடு பங்கு வைத்தார்கள். பங்கு என்றால் பங்கு, நிதலி வீட்டுக்கும் ஒரு பங்கு! சுமிதான் இலையில் வைத்துக்கொண்டு வந்தாள். நிதலி அதை வாங்கித் தெருப் புழுதியில் கொட்டினாள். அன்றிலிருந்து அவள் உப்புத் தின்னவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அவள் அந்தக் குப்பையைத்தான் தின்று உயிரோடு இருந்தாள்.

விகாரைக்குப் போனாள். அங்கிருந்த மூத்த பிக்குவான தேரர் வயதானவர், நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும்.

"சாமி, அந்தக் கல்லிலை என்ன எழுதிக் கிடக்கு? முழுக்கச் சொல்லுங்கோ."

அவர் சொன்னார். கடைசியில் காகமும் நாயும் வந்தன.

"அது அடுத்த பிறவிக்கு. இந்தப் பிறவிக்கு என்ன எழுதிக் கிடக்கு?"

"இந்தப் பிறவிக்கு அதிலை ஒண்டும் இல்லை, மோளே" என்றார்.

"அப்ப அது என்ன கல்லு, சாமி?" என்று கேட்டுவிட்டுக் கும்பிடாமலே வந்துவிட்டாள்.

மறுநாள் உச்சி வேளையில், சாப்பாட்டு நேரம் பார்த்து, தாபுலு வீட்டு வாசல் படலை முன்னால் போய் நின்றாள். கையில் வாழையிலையில் ஒரு பிடி சோறு. அதைத் தரையில் வைத்துவிட்டுத் தெருமுழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள்: "கா... கா... வா, வந்து தின்! தோ... தோ... வா நாயே, இப்பவே பழகிக்கொள்!"

தாபுலு வெளியே வரவில்லை. அடுத்த நாளும் வந்து வைத்தாள். அதற்கடுத்த நாளும். மழை பெய்தாலும் வந்தாள், காய்ச்சல் என்றாலும் வந்தாள். வாயில்லாப் பிராணிக்குச் சோறு போடுவது புண்ணியம், அதைத் தடுக்க அந்த ஊரில் யாருக்கும் உரிமை கிடையாது. தடுத்தால், அந்த நாய் நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகும். தாபுலு தேரரிடம் போய் முறையிட்டான்.

"காகத்துக்குச் சோறு போடவேண்டாம் எண்டு நான் எப்பிடி மோனே சொல்லுவன்?" என்றார் தேரர். தன்னால் முடிந்த நியாயத்தை அவர் அப்படித்தான் செய்தார் போலும்.

பெரிய குளம் கட்டி முடிந்தது. ஊழியத்துக்குப் போனவர்களில் திரும்பியவர்கள் திரும்பினார்கள். அக்போ வரவில்லை. அவனோடு மண் சுமந்த ஒருவன் அந்த வழியால் போனபோது நிதலி கேட்டாள். மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலிங்குப் பக்கம் இன்னொருமுறை அணை சரிந்தது என்று மட்டும் சொன்னான். புதுத் தண்ணீர் பார்க்கக் கொடிகளோடு ஊர் புறப்பட்டது. ராஜா வருவாராம், யானை வருமாம். நிதலி தெருவுக்கு நடுவில் வந்து நின்றாள்.

"போங்கோ, போங்கோ! அணையிலை ஏறி நிண்டு நல்லாக் கும்பிடுங்கோ. என்ரை மனுசன்ரை நெஞ்சிலைதான் நிப்பியள். கால் சுடாது!"

பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். மற்றப் பாதிப் பேர் போய்ப் பார்த்து வந்து, குளம் கடல்போல் இருக்கிறது என்றார்கள்.

வருஷங்கள் போயின. அவள் தலை நரைத்தது. தாபுலு நடை தளர்ந்தான். இலை வைப்பது நிற்கவில்லை. ஊரில் தாபுலுவைத் தலைவர் என்று சொன்னவர்கள் குறைந்து, முதுகுக்குப் பின்னால் வேறு பெயர் சொன்னவர்கள் கூடினார்கள்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கவேண்டும். தாபுலுவின் மகன் மிகிந்து இதற்குள் பெண்சாதி பிள்ளை என்று ஆகிவிட்டவன். உப்புக்குப் போனான், பிடித்துவிட்டார்கள். இன்னொரு ராஜா, இன்னொரு குளம். அதிகாரிகள் மாறுவார்கள், கயிறு மாறாது. அவனும் தப்பினான். நிதலி முற்றத்தில் நெல் குத்திக்கொண்டிருந்தபோது, விளாமரத்தைத் தாண்டித் தலைதெறிக்க ஓடிவந்தான். பின்னால் வேல்காரர்கள்.

கல் பழைய இடத்தில் இருந்திருந்தால் அவன் தப்பியிருப்பான். பழைய குழியை அவன் தாண்டிவிட்டான். ஆனால் இப்போது அது வெறும் குழி. கல்லுக்கு இன்னும் ஒரு முற்றமும் ஒரு வீடும் தூரம் இருந்தது. சத்தம் கேட்டு அந்தப் பக்கம் ஓடிவந்த தாபுலு, கல்லைப் பிடிக்கப் பயந்து அதன் பக்கத்தில் நின்றபடி, "ஓடியா மோனே! ஓடியா!" என்று கையை நீட்டினான். முற்றத்து நடுவில் வேல்காரன் மிகிந்துவின் குடுமியைப் பிடித்துவிட்டான்.

நிதலி யோசிக்கவில்லை. உலக்கையால் அந்தக் கையில் ஓங்கி அடித்தாள். "என்ரை முத்தத்திலை இன்னொருத்தனைப் பிடிப்பியோடா?"

அவளைத் தள்ளிவிட்டார்கள். ஊர் கல்லுக்கு உள்பக்கம் நின்று பார்த்தது. ஒருவரும் தாண்டவில்லை. மிகிந்துவைக் கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள்.

தாபுலு அந்த இடத்திலேயே குந்திவிட்டான். "கல்லு முந்தின இடத்திலை நிண்டிருந்தா..." என்று தொடங்கி நிறுத்தினான்.

"முடி" என்றாள் நிதலி, தரையில் கிடந்தபடி. "சொல்லி முடி!"

இனி அவள் சிரிப்பாள், இலையைப் பெரிதாக வைப்பாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவளும் இத்தனை வருஷம் அப்படி ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தாள். வந்த நாள் இனிக்கவில்லை. இரண்டாவது ஆளையும் அதே முற்றத்தில் இருந்து கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் தாபுலு வீட்டுக்குப் போனாள். கையில் இலை இல்லை.

"எழும்பு. கயிறை எடு. எருமையைக் கொண்டு வா. உன்ரை எருமையை."

"என்னத்துக்கு?"

"கல்லுக்கு."

அவன் ஒரு அடி பின்வாங்கினான். "திருப்பி வைக்கத் தொட்டாலும் தொட்டதுதான், நிதலி. சாபம் சாபம்தான்."

"ஓம். இந்தமுறை அதை எருமையிலை போட ஏலாது."

ஊர் வேடிக்கை பார்க்கக் கூடியது. நிதலி அடிமண்ணைத் தோண்டினாள். பிறகு இரண்டு கையாலும் கல்லைக் கட்டிப் பிடித்து, காகத்தின்மேலும் நாயின்மேலும் நெஞ்சை அழுத்தித் தள்ளினாள். பெண்கள் வாயில் கை வைத்தார்கள். தாபுலு கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு வந்து அவள் பக்கத்தில் தோளைக் கொடுத்தான். சுமியும் வந்தாள். எருமை இழுக்க, அவர்கள் தள்ள, கல் அங்குலம் அங்குலமாக அவள் முற்றத்தைத் தாண்டிப் பழைய குழியில் போய் நின்றது. மண்ணைக் காலால் அல்ல, கையாலேயே போட்டு இறுக்கினார்கள். தாபுலுவின் உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்தது. அவன் அழுதான். நிதலி மண்ணை இறுக்கிக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் முடிந்தது, இனிச் சண்டை இல்லை என்று ஊர் மூச்சு விட்டது. ஊருக்கு அவளைத் தெரியாது. மறுநாள் உச்சி வேளையில் அவள் தாபுலுவின் படலைக்கு முன்னால் வந்து நின்றாள். இந்தமுறை இரண்டு இலை வைத்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

தாபுலு முதல் தடவையாக வெளியே வந்தான். "ஏன் ரெண்டு?"

"ஒண்டு உனக்கு. மற்றது எனக்கு. நானும் தொட்டிட்டன்தானே" என்று சொல்லிவிட்டு ஒரு இலைக்கு முன்னால் தெருவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அவன் நின்றான். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவனும் மெல்லக் குனிந்து, மற்ற இலைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தான். மென்றான். விழுங்க முடியவில்லை.

"உப்பில்லையே, தங்கச்சி" என்றான்.

"இல்லைத்தான்" என்றாள் நிதலி, தன் பிடியை உருட்டிக்கொண்டே. "உப்பு நீதானே திண்டனீ."